கறுப்புக் கோதுமைத் தோசையும் கேழ்வரகு அடையும்

ஏழையின் அடுப்பில் பிறந்த பண்டம் நாளடைவில் செல்வர் வீட்டுப் பந்தியில் இடம் பெறுவது உலகத்தில் புதுமையன்று. ஆனால் பண்டம் அவ்விதம் உயரும்போது, அதற்கு வேண்டிய தானியத்தை விளைவித்த உழவனும் உடன் உயருகிறானா என்பதே ஆராயத் தக்க விஷயம். பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனி மாகாணத்தில், கறுப்புக் கோதுமை மாவால் சுடப்படும் உப்புத் தோசையின் சரித்திரம் இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடமாயிருக்கிறது. திருவண்ணாமலை ஜில்லாவின் சமவெளியில் கேழ்வரகும், ஜவ்வாது மலையில் சாமையும் விளைவிக்கும் குடியானவர்களின் நிலையை எண்ணும்போது, அப்பாடத்தை நாம் காலதாமதமின்றிக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று தோன்றுகிறது.

அருணாசலத்துக்கும் அட்லாண்டிக் சமுத்திரக் கரைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இல்லாமலில்லை. 1664-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட பிரஞ்சு இந்தியக் கம்பெனியார் 1666-இல் தங்கள் கப்பல்களைக் கட்டுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் பிரிட்டனிக் கடற்கரையே. அங்கு எழுந்த துறைமுகப் பட்டினத்துக்குக் கீழ்த்திசை என்னும் பொருள்படும் லொரியான் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அத்துறையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் புதுச்சேரிக்கு வந்து போயின. 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லபூர்தொனே பிரிட்டனியிலுள்ள சான் மாலோ நகரத்தில் 1699-இல் பிறந்தவன். கர்நாடக யுத்தங்களின்போது கோட்டையாகப் பயன்பட்ட திருவண்ணாமலை ஆலயத்தை 1757-இல் பிரஞ்சுப் படை கைப்பற்ற, 1760-இல் ஆங்கிலேயர் அதைத் தம் வசமாக்கிக் கொண்டனர். பின்னர், ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து, வாளும் துப்பாக்கியுமின்றி ஒரு பிரிட்டனிக்காரர் இவ்வூருக்கு வந்தார். சான் பிரியாக் என்னும் கடலோரக் கிராமத்தில் 1910-இல் பிறந்த ஆன்ரி லெஸோ என்னும் அந்தக் கிறிஸ்தவத் துறவி, 1948-இல் இந்தியாவை அடைந்து, 1949-இல் ரமண மகரிஷிகளைத் தரிசித்து, பின்னர் அருணாசலத்தின் குகைகளிலும் தங்கித் தவம் செய்தார். அபிஷிக்தானந்தர் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். அத்தேசத்திலிருந்து இவ்வூருக்குப் படையும் வந்தது, பக்தியும் வந்தது. நாம் இன்று அங்கிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது அவர்களுடைய அடுப்பங்கரை அனுபவத்தையே.

பெயரளவில் கோதுமை

கறுப்புக் கோதுமை என்பது பெயரளவில்தான் கோதுமை. நெல், கோதுமை, கேழ்வரகு, சாமை ஆகியவை யாவும் புல்லினத்தைச் சேர்ந்தவை. இதுவோ அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. சிவந்த தண்டும், வெள்ளைப் பூங்கொத்தும், முக்கோண வடிவமுள்ள கரிய விதையும் உடைய செடி. பூத்த வயலைத் தேனீக்கள் விட்டு நீங்கா. சீன தேசத்தின் தென்மேற்குப் பகுதியில் இதை முதன்முதல் பயிரிட்டார்கள் என்பது சாஸ்திரிகளின் முடிவு. நமது தேசத்தில் இமயமலைச் சாரலில் இது குட்டு என்ற பெயருடன் விளைகிறது. புல்லினத் தானியம் அல்லாத காரணத்தால், வடநாட்டில் நவராத்திரி விரதம் இருப்போர் அரிசியையும் கோதுமையையும் நீக்கி, இதன் மாவால் செய்த பூரியை உண்கிறார்கள். பிரஞ்சுக்காரர் இதனைக் கறுப்புக் கோதுமை என்றும், சாரசேனர் தானியம் என்ற கருத்தில் சரசேன் என்றும் அழைக்கின்றனர். சாரசேனர் என்பது அக்காலத்து ஐரோப்பியர் அராபியருக்கு இட்ட பெயர்.

இத்தானியம் பிரிட்டனியில் வேரூன்றியதற்குக் காரணம் அம்மண்ணின் வறுமையே. கருங்கற்பாறையின்மேல் அமைந்த புளிப்பு மண்ணில் நல்ல கோதுமை செழித்து வளர்வதில்லை. கறுப்புக் கோதுமையோ அத்தகைய மண்ணிலும் முளைத்து, ஏறக்குறைய நூறு நாளில் அறுவடைக்கு வந்துவிடும். வசந்தத்தின் முடிவில் விதைத்தால் இலையுதிர் காலத் தொடக்கத்தில் மணி வீட்டுக்கு வரும். பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளில் அம்மாகாணமெங்கும் பரவிய இப்பயிருக்குப் பிரிட்டனியின் கோமாட்டியும் பிரான்ஸ் தேசத்து ராணியுமான ஆன் (1477–1514) ஆதரவளித்தாள் என்பது கர்ணபரம்பரை. அக்காலத்தில் விளைந்த நல்ல கோதுமை பெரும்பாலும் சந்தைக்கும் பிரபுவின் களஞ்சியத்துக்கும் போயிற்று. குடியானவனுக்கு மிஞ்சியது கறுப்புக் கோதுமையே. அதைக் கஞ்சியாகக் காய்ச்சினான். கல்லில் தோசையாகச் சுட்டான்.

கல்லும் மாவும்

அத்தோசைக்குக் கலெத் என்று பெயர். மாவு, நீர், உப்பு ஆகிய மூன்றே அதன் சரக்கு. ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேற்பட்ட நீர் சேர்த்துக் கரைத்து, கையாலேயே வெகுநேரம் அடித்துப் பதப்படுத்துவது பழைய வழக்கம். கோதுமை மாவிலுள்ள பசைச் சத்து இதில் கிடையாதாகையால், அடித்த அடியில்தான் மாவு கூடி நிற்கும். பிறகு சில மணி நேரம் ஊறவைத்து, பிலிக் என்னும் வட்டமான இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, கொழுப்பு தோய்ந்த துணியால் துடைத்து, மாவை ஊற்றி, டி என்னும் ஆங்கில எழுத்தைப் போன்ற மரக்கருவியால் வட்டமாக இழுத்து விடுகிறார்கள். நாம் கரண்டியின் அடியால் செய்வதை அவர்கள் மரத்தடியால் செய்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம். அகன்ற மரத் திருப்பியால் திருப்பிப் போட்டு, வெண்ணெய் தடவி மடித்தெடுத்தால் பண்டம் தயார். கல் பதமாகும் வரையில் முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து போவதும் இரு தேசத்துக்கும் பொதுவான சங்கடம்.

ஏழைக் குடியானவன் இதனை மோருடன் உண்டான். வெண்ணெய் கடைந்தெடுத்தபின் மிஞ்சும் புளித்த மோருக்கு அங்கு லே ரிபோ என்று பெயர். அந்தத் தோசையும் அந்த மோரும் பல குடும்பங்களுக்கு ஒரு வேளைப் போஜனம். கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கும் நம் உழவனுக்கு இது விளங்காமற் போகாது. பிற்காலத்தில் கைப்பொருள் கூடியபோது, தோசையின் நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, துருவிய பாலாடைக் கட்டியும் பன்றித் தொடைக் கறியும் வைத்து, நாற்புறமும் மடித்து வைப்பது வழக்கமாயிற்று. இன்று பிரிட்டனியின் சிற்றுண்டிச் சாலைகளில் பெரிதும் கேட்கப்படுவது இதுதான். ரென் நகரத்துச் சந்தைகளிலும் பந்தாட்ட மைதான வாயிலிலும் சுட்ட இறைச்சிக் குழலொன்றை ஆறிய தோசையில் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள்.

மாகாணத்துக்கு மாகாணம் வழக்கம் மாறுகிறது. பிரிட்டனியின் கீழ்ப்பாகத்தார் கலெத் என்பதை மேற்குக் கோடியிலுள்ளவர்கள் கறுப்புக் கோதுமைக் கிரேப் என்பர். அங்கே தோசை மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். பிரான்ஸின் நடுப்பகுதியிலுள்ள லிமூஸேன் மலைநாட்டில் தூர்த்து என்றும், ஓவெர்ஞ் மலைநாட்டில் பூரியோல் என்றும் வழங்கும் தோசைகளுக்கு மாவைப் புளிக்கவைத்து ஊற்றுகிறார்கள். கல்லிலிட்டால் கண் கண்ணாகத் துளை விழும் அவற்றை நம்மவர் பார்த்தால் தோசையென்றே சொல்வர்.

பிப்ரவரி மாதம் 2-ஆம் தேதி அத்தேசத்தில் ஷாந்தலேர் என்னும் பண்டிகை நடைபெறுகிறது. மெழுகுவர்த்தித் திருநாள் என்பது அப்பெயரின் பொருள். அன்று கோயிலில் தீபங்களை ஆசீர்வதிப்பதும் வீட்டில் தோசை சுடுவதும் மரபு. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி கண்டபின், அகல் விளக்கேற்றி, பொரியுருண்டையும் அப்பமும் அடையும் நிவேதனம் செய்யும் நம் இல்லங்களுக்கு இதைவிட நெருங்கிய ஒற்றுமை வேறு வேண்டுமோ?

நமது அடுப்பு

கலெத்தின் உண்மையான உடன்பிறப்பு நமது அரிசித் தோசையன்று, கேழ்வரகு அடைதான். அரிசியும் உளுந்தும் அரைத்துச் சுடும் தோசை, சென்ற தலைமுறை வரையில் நாட்டுப்புறத்து ஏழை வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே தலைகாட்டிய விருந்து. நாள்தோறும் அடுப்பில் வெந்தவை கூழும் களியும் அடையுமே. கேழ்வரகு மாவில் உப்பும், நறுக்கிய வெங்காயமும், பச்சை மிளகாயும், ஒரு கை முருங்கைக் கீரையும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையிலோ ஈரத்துணியிலோ தட்டி, கல்லில் போட்டு இருபுறமும் வேகவிட்டு எடுப்பது இந்த ஜில்லாவிலுள்ள எந்தப் பாட்டிக்கும் கைவந்த வித்தை. கறுத்த மேனி, மண் வாசனை, கடித்தால் சற்றே கடினம்: இவை மூன்றும் கலெத்துக்கும் உள்ள லக்ஷணங்களே. நிலக்கடலை மிகுதியாய் விளையும் இப்பிரதேசத்தில் அதற்கு வேர்க்கடலைச் சட்டினியைவிடப் பொருத்தமான துணை வேறில்லை.

சமவெளிக்குக் கேழ்வரகு எப்படியோ, போளூர் வழியாக ஏறிச் செல்லும் ஜவ்வாது மலைக்குச் சாமை அப்படி. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்களின் சந்ததியென்று தம்மைச் சொல்லிக்கொள்வர். சரிவான நிலத்தில், வான மழையொன்றையே நம்பி, ஆடிக்கு முன்பின் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் அறுக்கும் பயிர் சாமை. வரப்புக்கு உரமில்லை, வாய்க்காலுக்கு நீரில்லை என்று அது முறையிடுவதில்லை. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. கேழ்வரகை அப்படியே திரிகையில் இட்டு மாவாக்கலாம்; சாமைக்கு உமி நீக்கியாக வேண்டும். மணி மிகச் சிறிதாகையால், அதை உரலிலிட்டுக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலையாக இருந்துவந்தது.

சாமையரிசியை மலைமக்கள் பெரும்பாலும் சோறாக்கி உண்டனர். அடைக்கும் அது ஏற்றதென்பதை நகரத்தார் அறிய வேண்டும். மூன்று பங்கு சாமையரிசி, துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்ந்து ஒன்றரைப் பங்கு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு ஆகியவற்றை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுச் சற்றுத் தடிப்பாக வார்த்து, நடுவில் ஒரு துளையிட்டு நல்லெண்ணெய் விட்டால், அரிசியடைக்கு எவ்வகையிலும் தாழாத அடை கிடைக்கும். வெல்லமும் வெண்ணெயும் வைத்து உண்பவர்கள் அரிசியைத் தேடமாட்டார்கள்.

அவமானமும் அபிமானமும்

இவ்வளவு சிறப்பிருந்தும் நாம் ஏன் இவற்றைக் கைவிட்டோம்? நாவுக்குப் பிடிக்காமையால் அன்று, நாணத்தால். கூழ் குடிக்கிறவன் என்பது நம்மிடையே வசைச்சொல். சிறைக்குப் போவதையே களி தின்பது என்று சொல்லிப் பழகிவிட்டோம். விருந்தாளி வந்தால் கேழ்வரகு அடையை மறைத்து வைத்து, அரிசிக்கு அண்டை வீட்டுக்கு ஓடிய தாய்மார் எத்தனை பேர்!

பிரிட்டனியாரும் இந்த நாணத்தை அனுபவித்தவர்களே. வறுமையால் ஊரைவிட்டு ரயிலேறிப் பாரிஸ் மாநகரத்துக்குப் பிழைக்கப் போன அம்மாகாணத்துப் பெண்களை நகரத்தார் பரிகசித்தார்கள். 1905-இல் தோன்றிய பெகாசீன் என்னும் சித்திரக் கதையின் நாயகி, வாயே வரையப்படாத ஒரு பேதைப் பிரிட்டனி வேலைக்காரி. அவ்விதம் பரிகசிக்கப்பட்டவர்கள் வந்திறங்கிய மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றியே பின்னர் பிரிட்டனித் தோசைக் கடைகள் எழுந்தன. தங்கள் ஆகாரத்தை மறைக்காமல், அதன் பெயரையும் ஊரின் பெயரையும் பலகையில் எழுதி வாயிலில் மாட்டினார்கள். இன்று பாரிஸுக்குச் செல்லும் யாத்திரிகர்கள் அத்தெருவைத் தேடிப் போகிறார்கள். அபிமானம் செய்த வேலை இது.

பண்டம் பிழைத்தது, பயிர் தேய்ந்தது

ஆயினும் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதன் மறுபாதியையே. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டனியின் விவசாயம் அடியோடு மாறிற்று. சுண்ணாம்பும் ரசாயன உரமும் புளிப்பு மண்ணைத் திருத்தின. மக்காச்சோளமும் கோதுமையும் கால்நடைத் தீவனமும் அதிக லாபம் தந்தன. ஒரே சமயத்தில் முதிராமல் பூவும் பிஞ்சும் மணியுமாக நிற்கும் கறுப்புக் கோதுமை, இயந்திர அறுவடைக்கு இடையூறென்று ஒதுக்கப்பட்டது. விசித்திரம் என்னவெனில், வயலில் பயிர் தேய்ந்த அதே வருஷங்களில் ஊர்தோறும் தோசைக் கடைகள் பெருகின. கடைக்கு மாவு எங்கிருந்து வந்தது? சீனாவிலிருந்தும், கனடாவிலிருந்தும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தது. பலகையில் பிரிட்டனியின் பெயர் இருந்தது. மூட்டையில் வேறு தேசத்தின் பெயர் இருந்தது.

இதைக் கண்ட அம்மாகாணத்து விவசாயிகளும் மாவாலைக்காரர்களும் 1980-களின் பிற்பகுதியில் ஒன்று கூடிச் சங்கம் அமைத்தனர். உள்ளூர் விதையை, உள்ளூர் நிலத்தில் விதைத்து, உள்ளூர் ஆலையில் அரைத்து விற்பதென்று தீர்மானித்தனர். பல வருஷ முயற்சியின் பயனாக, 2010-ஆம் வருஷத்தில் பிரிட்டனிக் கறுப்புக் கோதுமை மாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. பிரிட்டனியிலும் அதனை ஒட்டிய சில பகுதிகளிலும் விளைந்ததற்கன்றி அப்பெயரை வேறு மாவுக்கு இடலாகாது. அயல்நாட்டு மாவு அதனால் நின்றுவிடவில்லை. ஆனால் உள்ளூர் மாவை வேண்டுமென்று கேட்டு வாங்குகிறவனுக்கு அது அடையாளத்துடன் கிடைக்கிறது. விளைவித்தவனுக்கும் ஒரு பிடிப்பு ஏற்பட்டிருக்கிறது. ஏழைப் பண்டத்துக்குக் கௌரவம் வந்தால் மட்டும் ஏழை உழவனுக்கு வாழ்வு வந்துவிடாது என்பதும், அதற்குத் தனியே முயலவேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன.

நமது அபாயம்

நாம் இப்போது இக்கதையின் நடுவில் நிற்கிறோம். இந்தியா முன்மொழிந்ததன்மேல், ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் தீர்மானம் நிறைவேற்றி, 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அவ்வருஷமே தமிழ்நாட்டு அரசாங்கத்தார் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். நகரத்துக் கடைகளில் சாமையும் வரகும் வண்ண உறைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நாணம் நீங்கி அபிமானம் தலையெடுக்கிறது, மகிழத் தக்கதே.

ஆனால் மலையில் நிகழ்வதென்ன? 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. பசித்தவனுக்கு அரிசி கொடுப்பதை நாம் ஒருபோதும் குறை கூறோம். எனினும் குத்திப் புடைக்கும் சிரமமில்லாத அரிசி வீட்டு வாயிலுக்கே வரும்போது, சாமையை விளைவித்துத் தானே உண்ணும் ஊக்கம் குறைவது இயற்கை. விற்கலாமென்றாலோ, களத்துமேட்டில் உமியுடன் விற்பவனுக்குக் கிடைப்பது சொற்பம். உமி நீக்குதல், கல் பொறுக்குதல், உறையிடுதல் ஆகிய ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. அந்தப் படிகள் யாவும் மலைக்குக் கீழே இருக்குமானால், ஏற்றமும் மலைக்குக் கீழேயே தங்கிவிடும். நகரத்துச் செல்வர் மருந்தென எண்ணிச் சாமை உண்ண, மலையிலுள்ளவர் அதை மறந்து அரிசி உண்ணும் நிலை ஏற்படுமாயின், அதனை நாம் வெற்றியென்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டுவது

ஆதலின் சில யோசனைகளைப் பொதுஜனங்களின் முன் வைக்கிறோம். முதலாவது, உமி நீக்கும் இயந்திரங்கள் மலைமேல், பயிரிடுவோரின் சொந்த சங்கங்களின் கையில் இருக்கவேண்டும். உலக்கையிலிருந்து பெண்களுக்கு விடுதலையும், விலையில் உழவனுக்குப் பங்கும் இதனால் ஒருங்கே கிடைக்கும்.

இரண்டாவது, ஊர்ப்பெயரின் மதிப்பை நாம் உணரவேண்டும். 1999-ஆம் வருஷத்துப் புவியியல் குறியீட்டுச் சட்டம் நம் தேசத்திலும் இருக்கிறது. இந்த ஜில்லாவின் ஆரணிப் பட்டு அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் பெற்றது. பட்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் உள்ள ஊர்ப் பெருமை தானியத்துக்கும் உண்டு. முத்திரை ஒரு காகிதமாய் நின்றுவிடாமல் பயன் தரவேண்டுமானால், வாங்குகிறவர்கள் வெறும் சாமை என்று கேளாமல், ஜவ்வாது மலைச் சாமை என்று பெயர் சொல்லிக் கேட்டு, அதற்குரிய விலையைக் கொடுக்க முன்வரவேண்டும்.

மூன்றாவது யோசனை திருவண்ணாமலை நகரத்தாருக்கு. பௌர்ணமிதோறும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கிரிவலப் பாதையில் நடந்து வருகிறார்கள். பல தேசத்தாரும் வந்து தங்கும் ஊர் இது. வழிநெடுகச் சிற்றுண்டி விற்போரும் அன்னமிடுவோரும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலரேனும் அடுத்த மலையில் விளைந்த சாமையால் அடை வார்த்தும், சுற்றுப்புறத்தில் விளைந்த கேழ்வரகால் அடை தட்டியும், இன்ன மலையின் தானியம் இது என்று பலகை எழுதி வைத்தால், ஒரு மலையைச் சுற்ற வந்தவர்கள் இன்னொரு மலையின் உழவனுக்கும் உபகாரம் செய்தவர்களாவார்கள். மருத்துவர் சொன்னதற்காக உண்பது நெடுநாள் நீடிப்பதில்லை. ருசிக்காகவும் பண்டிகைக்காகவும் உண்பதே தலைமுறை கடந்து நிற்கும். பிரிட்டனியில் கறுப்புக் கோதுமையை இன்றளவும் உயிருடன் வைத்திருப்பது வைத்திய சாஸ்திரம் அன்று, காய்ந்த கல்லின்மேல் எழும் மணமே.

நான்காவதும் மிக முக்கியமானதுமான யோசனை இல்லறத்தாருக்கு. வரப்போகும் கார்த்திகைத் தீபத்தன்று வீட்டில் வார்க்கும் அடையில் அரிசிக்குப் பதிலாகச் சாமை சேர்த்துப் பாருங்கள். விருந்தாளி வந்தால் கேழ்வரகு அடையை மறைக்காமல் முன்வைத்து, அது எவ்வூர் தானியம் என்பதையும் சொல்லுங்கள். குழந்தைகள் அதன் ருசியையும் பெயரையும் ஒருங்கே அறியட்டும். மலைச்சரிவில் மழையை எதிர்பார்த்து நிற்கும் குடியானவன் அடுத்த ஆடியில் சாமை விதைப்பதா, நிலத்தைத் தரிசாய் விடுவதா என்று நிச்சயிக்கும் அதிகாரம், அவனைக் காட்டிலும் நமது அடுப்பங்கரையிடமே பெரிதும் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.